எதை எண்ணுவது?

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 1998-ல் ஓர் ஆய்வும் 2007-ல் இன்னோர் ஆய்வும் வெளியாயின. இரண்டுக்கும் நோய் ஒன்றே: பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய். மாத்திரையும் ஒன்றே: சர்க்கரை நோயாளிகள் காலங்காலமாக விழுங்கிவரும் மெட்ஃபார்மின். முதல் ஆய்வைப் படித்த மருத்துவர்கள் பல நாடுகளில் அந்த மாத்திரையைக் குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையாக எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது ஆய்வு வந்தபின் அந்த நம்பிக்கை பெருமளவு கரைந்தது. முதல் ஆய்வில் மோசடி ஏதுமில்லை, கணக்கும் தப்பவில்லை. அது எண்ணியது வெடித்து வெளியான முட்டைகளை. இரண்டாவது எண்ணியது பிறந்த குழந்தைகளை. இந்த நோய்க்கான சிகிச்சையின் தொண்ணூறு ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், ஆய்வின் கடைசியில் எதை எண்ணுவது என்று எடுத்த முடிவுதான், மருந்துகளின் குணத்துக்கு இணையாக, பெண்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைப்பைகள் ஒன்றாக வளரத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் முந்தி, சுமார் 20 மில்லிமீட்டர் வரை பெருத்து, வெடித்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு அந்த ஒன்று முந்துவதில்லை. முட்டைப்பைகள் 10 மில்லிமீட்டரைத் தொடுவதற்குள்ளேயே நின்றுவிடுகின்றன; ஸ்கேனில் நீர்க்கட்டிகளாகத் தெரிபவை இப்படி நின்றுபோனவையே. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்ஹெச் ஹார்மோன் கூடுதலாக இருப்பதால் சினைப்பை ஆண்ட்ரோஜன்கள் எனும் ஆண் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் இன்சுலினும் மிகுந்திருந்தால் அந்தச் சுரப்பு இன்னும் ஏறும். போதாததற்கு, டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்வதையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. முகத்தில் முடி, பரு, மாதக்கணக்கில் வராத மாதவிடாய் எல்லாம் இந்தச் சுழலிலிருந்து பிறப்பவை. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் யாருக்கு இருக்கிறது என்பதே எண்ணும் முறையைப் பொறுத்தது. 1990-ல் அமெரிக்காவில் வகுத்த வரையறை, ஒழுங்கற்ற சுழற்சியும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. 2003-ல் ரோட்டர்டாமில் வகுத்ததோ, ஸ்கேன் தோற்றத்தையும் சேர்த்து மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் போதும் என்றது. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், முதல் வரையறைப்படி 7.2 சதவீதம் பேர் நோயாளிகள், இரண்டாவதன்படி 19.6 சதவீதம் பேர். அதே பெண்கள், அதே ரத்தப் பரிசோதனைகள்.

சிகிச்சையின் வரலாறு 1935-ல் சிகாகோவில் தொடங்குகிறது. மாதவிடாய் நின்றுபோய், சினைப்பை பெருத்திருந்த ஏழு பெண்களைப் பற்றி இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். வயிற்றைத் திறந்து சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டி எடுத்ததும் ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெட்டப்படாத பெண்கள் யாரும் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் அந்த அறுவைச் சிகிச்சை பல பத்தாண்டுகள் நடந்தது. வெட்டிய இடத்தில் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முட்டை போகும் வழியை அடைத்துப் புதிய மலட்டுத்தன்மையை உண்டாக்கக்கூடும் என்பது பின்னால்தான் தெளிவானது. மாதவிடாய் வந்ததா என்று மட்டும் எண்ணிய கணக்கில் அந்தக் கேடு விழவே விழாது. 1960-களில் குளோமிஃபீன் மாத்திரை வந்ததும் கத்தியின் தேவை குறைந்தது. உடலில் ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று மூளையை நம்பவைத்து, முட்டைப்பையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் மருந்து அது. அடுத்த 40 ஆண்டுகள் முதல் வரிசைச் சிகிச்சை அதுவே.

1980-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தப் பெண்களின் ரத்தத்தில் இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் சேர்ந்தே உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். ஒல்லியான பெண்களிடமும்கூட உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை என்று 1989-ல் ஆண்ட்ரியா டுனாய்ஃபின் குழு நிறுவியது. நோயின் வேர் இன்சுலினில் இருக்கிறது என்றால், இன்சுலினைத் தாழ்த்தும் மருந்து முழு நோயையும் தளர்த்த வேண்டுமல்லவா? வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜான் நெஸ்லர் தன் சகாக்களோடு 1998-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கான விடையாகவே தோன்றியது. பருமனான 61 பெண்களில் 35 பேருக்கு மெட்ஃபார்மின், 26 பேருக்குப் போலி மாத்திரை. ஐந்து வாரத்தில் மெட்ஃபார்மின் பிரிவில் 12 பேருக்குத் தானாகவே முட்டை வெளியானது. மற்றதில் ஒருவருக்கு மட்டும். மீதிப் பெண்களுக்குக் குளோமிஃபீனைச் சேர்த்துக் கொடுத்தபோது மெட்ஃபார்மின் பிரிவில் 21-ல் 19 பேருக்கு முட்டை வெளியாக, போலி மாத்திரைப் பிரிவில் 25-ல் இருவருக்கே வெளியானது. 90 சதவீதத்துக்கு எதிராக 8 சதவீதம்! மருத்துவ ஆய்வில் இத்தகைய இடைவெளி அரிது. உடலியங்கியல் ரீதியாக அழகான ஒரு கருத்தும் அதை மெய்ப்பிக்கும் எண்களும் ஒரே பக்கத்தில் சேரும்போது, சந்தேகப்பட யாருக்கும் மனம் வராது. ஆனால் சந்தேகப்பட ஒரு காரணம் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. குளோமிஃபீன் மட்டும் எடுத்த பெண்களில் பாதிப் பேருக்காவது முட்டை வெளியாவது வழக்கம். இங்கே வெறும் 8 சதவீதம். ஒப்பீட்டுப் பிரிவு வழக்கத்துக்கு மீறித் தாழ்ந்திருந்தால் எதிர்ப் பிரிவு வழக்கத்துக்கு மீறி உயர்ந்து தெரியும்.

2007-ல் ரிச்சர்ட் லெக்ரோ தலைமையில் வெளியான ஆய்வு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் நடந்தது. 626 பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள்: குளோமிஃபீன் மட்டும், மெட்ஃபார்மின் மட்டும், இரண்டும் சேர்த்து. ஆறு மாதம் வரை சிகிச்சை. முடிவில் எண்ணியது உயிரோடு பிறந்த குழந்தைகளை. குளோமிஃபீன் எடுத்த 209 பெண்களில் 47 பேருக்குக் குழந்தை பிறந்தது. மெட்ஃபார்மின் எடுத்த 208 பேரில் 15 பேருக்கே பிறந்தது. இரண்டையும் எடுத்த 209 பேரில் 56 பேருக்கு. மெட்ஃபார்மினைச் சேர்த்ததால் கிடைத்த சிறு கூடுதல், தற்செயல் என்று ஒதுக்கத்தக்க அளவே. இந்த ஆய்வில் முட்டைகளையும் எண்ணியிருந்தார்கள் என்பதுதான் நமக்குப் பெரிய பேறு. முட்டைக் கணக்கில் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள்: வந்த சுழற்சிகளில் 60 சதவீதத்தில் முட்டை வெளியானது, குளோமிஃபீன் மட்டும் எடுத்தவர்களுக்கு 49 சதவீதம். அந்த இடத்திலேயே ஆய்வை நிறுத்தியிருந்தால் கூட்டுச் சிகிச்சையே வென்றது என்று அறிவித்திருப்பார்கள். இன்னும் வியப்பானது அடுத்த எண். முட்டை வெளியான பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், குளோமிஃபீன் பிரிவில் 39.5 சதவீதம் பேர் கருத்தரித்தார்கள். மெட்ஃபார்மின் பிரிவில் 21.7 சதவீதம் பேரே. முட்டை வெளியானது என்ற ஒரே நிகழ்வு, எந்த மருந்தால் வெளியானது என்பதைப் பொறுத்து வெவ்வேறு பலனைத் தந்திருக்கிறது. நாற்றை எண்ணி நெல் கணக்குச் சொல்ல முடியாது என்பது எந்த உழவருக்கும் தெரியும். மருத்துவம் அதைத் தெரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஏன் இந்த இடைவெளி? குளோமிஃபீனின் கதையிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. அந்த மருந்தால் முட்டை வெளியாகும் பெண்களில் கணிசமானவர்கள் கருத்தரிப்பதில்லை என்பது நெடுநாளைய கவனிப்பு. மூளையில் ஈஸ்ட்ரோஜனை மறைக்கும் அதே மருந்து கருப்பையின் உள்சுவரிலும் ஈஸ்ட்ரோஜனை மறைக்கிறது. வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் சுவர் மெலிந்து, கரு பதிய ஏற்றதாக இல்லாமல் போகலாம். முட்டையை மட்டும் எண்ணுகிறவருக்குச் சுவரைப் பற்றிக் கவலை வராது. லெட்ரோசோல் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தை இந்த வேலைக்குக் கொண்டுவரலாம் என்று 2001-ல் டொராண்டோவைச் சேர்ந்த மிட்வாலியும் காஸ்பரும் எழுதியது இதனால்தான். அது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே சில நாள் தாழ்த்துகிறது. மூளை அதே போல ஏமாந்து எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டுகிறது. பிறகு மருந்து சீக்கிரமே உடலை விட்டுப் போய்விடுவதால் கருப்பைச் சுவர் இடைஞ்சலில்லாமல் வளர்கிறது.

லெட்ரோசோலின் பயணத்தில் எண்ணிக்கை வேறொரு விதமாகத் தடம் புரண்டது. 2005-ல் மாண்ட்ரியலில் நடந்த ஒரு மாநாட்டில், இந்த மருந்தால் உருவான 150 குழந்தைகளிடம் எலும்பு, இதயக் குறைபாடுகள் கூடுதலாகக் காணப்படுவதாக ஒரு சுருக்கக் குறிப்பு படிக்கப்பட்டது. மருந்தைத் தயாரித்த நிறுவனமே எச்சரிக்கை விடுத்தது. ஒப்பிட எடுத்துக்கொண்டது யாரை? சிகிச்சை எதுவுமின்றித் தானாகக் கருவுற்று, ஆபத்துக் குறைவான பிரசவங்களைக் கவனிக்கும் மருத்துவமனைக்கு வந்த பல்லாயிரம் பெண்களை. குழந்தைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த, வயது கூடிய பெண்களை அவர்களோடு நிறுத்தி வைத்தால் குறைபாடு மருந்தாலா, தாயின் வயதாலா, கருத்தரிக்காமைக்குக் காரணமான அடிப்படைச் சிக்கலாலா என்று பிரித்தறிய வழியில்லை. அந்தக் குறிப்பு முழுக் கட்டுரையாக வெளிவரவே இல்லை. மறு ஆண்டே கனடாவில் சிகிச்சை பெற்றுக் கருவுற்றவர்களை மட்டும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது: லெட்ரோசோலால் பிறந்த 514 குழந்தைகளில் 2.4 சதவீதத்தினருக்கும், குளோமிஃபீனால் பிறந்த 397 குழந்தைகளில் 4.8 சதவீதத்தினருக்கும் குறைபாடுகள். ஆயினும் ஐயம் முற்றிலும் அடங்கவில்லை. இந்தியாவில் 2011 அக்டோபரில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு லெட்ரோசோல் தடை செய்யப்பட்டது. 2017-ல்தான் அந்தத் தடை விலகியது. நடுவே, 2014-ல், லெக்ரோவின் குழு 750 பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளியாகியிருந்தது: லெட்ரோசோல் எடுத்த 374 பேரில் 103 பேருக்குக் குழந்தை, குளோமிஃபீன் எடுத்த 376 பேரில் 72 பேருக்கு. உலகின் மற்ற இடங்களில் மேலான மருந்தாக மாறிக்கொண்டிருந்த ஒன்று இந்தியப் பெண்களுக்கு அந்த ஆண்டுகளில் சட்டப்படி எட்டவில்லை. தடையின் பின்னிருந்த எச்சரிக்கை உணர்வை நான் குறைசொல்ல மாட்டேன். 2014 ஆய்விலும் பெரும் பிறவிக் குறைபாடுகள் லெட்ரோசோல் பிரிவில் நான்கும் குளோமிஃபீன் பிரிவில் ஒன்றும் இருந்தன. இவ்வளவு சிறிய எண்களிலிருந்து எந்தப் பக்கமும் முடிவு சொல்ல இயலாது. அரிய கேடுகளை அறிய ஆயிரக்கணக்கான பிறப்புகளின் பதிவு வேண்டும். குறைசொல்ல வேண்டியது, அப்படிப் பதிவு செய்து அறிந்துகொள்ளும் முயற்சியைத் தடையோடு சேர்த்துத் தொடங்காததை.

இதுவரை சொன்னதை மறுக்க நல்ல காரணங்கள் உண்டு. 2007-ன் அமெரிக்க ஆய்வில் இருந்த பெண்களின் உடல் நிறை குறியெண் சராசரியாக 35-ஐ ஒட்டி இருந்தது; அவர்களிடம் கிடைத்த விடையை மெலிந்த பெண்களுக்கு, அதுவும் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும் நம் ஊர்ப் பெண்களுக்கு, அப்படியே பொருத்தலாமா? நியாயமான கேள்வி. 2005-ல் இத்தாலியில் பருமனற்ற 100 பெண்களிடம் நடந்த ஆய்வில் மெட்ஃபார்மின் எடுத்தவர்கள் அதிகமாகக் கருத்தரித்தார்கள். ஆனால் 2006-ல் நெதர்லாந்தில் 228 பெண்களிடம், அமெரிக்கர்களைவிட எடை குறைந்தவர்களிடம், குளோமிஃபீனோடு மெட்ஃபார்மினைச் சேர்த்துப் பார்த்தபோது எந்த ஆதாயமும் தெரியவில்லை. பக்கவிளைவால் பாதியில் நிறுத்தியவர்கள்தான் மூன்று மடங்கு. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சவால் பின்லாந்திலிருந்து வந்தது. 2012-ல் வெளியான அந்த ஆய்வில் 320 பெண்கள். முதல் மூன்று மாதம் மெட்ஃபார்மின் அல்லது போலி மாத்திரை, அதன்பின் தேவைப்பட்டால் வழக்கமான சிகிச்சையும் சேர்த்து. எண்ணியது குழந்தைகளைத்தான். மெட்ஃபார்மின் பிரிவில் 41.9 சதவீதம், மற்றதில் 28.8 சதவீதம். ஆக, குழந்தையை எண்ணினால் மெட்ஃபார்மின் எப்போதும் தோற்கும் என்று சொல்ல முடியாது. குளோமிஃபீனுக்கு மாற்றாக அதைக் கொடுத்தால் தோற்கிறது. சில மாதம் முன்பே தொடங்கித் துணையாகக் கொடுத்தால், குறிப்பாகப் பருமனான பெண்களுக்கு, உதவக்கூடும். இந்த நுட்பமான வேறுபாடு முட்டைக் கணக்கில் கிடைத்திருக்காது.

இரண்டாவது மறுப்பு பணமும் காலமும் பற்றியது. முட்டை வெளியானதா என்று அறிய ஒரு மாதமும் அறுபது பெண்களும் போதும். குழந்தையை எண்ண நூற்றுக்கணக்கான பெண்களும் ஆண்டுகளும் வேண்டும். புது யோசனை ஒவ்வொன்றுக்கும் இதைக் கேட்டால் ஆராய்ச்சியே முடங்கும் என்கிறார்கள். தொடக்கநிலை ஆய்வுக்கு முட்டைக் கணக்கு போதும் என்பதை ஏற்கிறேன். தொடக்கநிலை விடையை வைத்து மருந்துச்சீட்டு எழுதுவதைத்தான் ஏற்கவில்லை. மெட்ஃபார்மின், குளோமிஃபீன், லெட்ரோசோல் மூன்றும் காப்புரிமை காலாவதியான மலிவு மருந்துகள். அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்க எந்த மருந்து நிறுவனமும் செலவழிக்காது. 2007, 2014 ஆய்வுகள் இரண்டும் பொதுப் பணத்தில் நடந்தது தற்செயல் அல்ல. மலட்டுத்தன்மைச் சிகிச்சை ஆய்வுகளில் உயிரோடு பிறந்த குழந்தையையே முதன்மையாக அறிவிக்க வேண்டும் என்று 2014-ல் சீனாவின் ஹார்பின் நகரப் பெயரில் வந்த ஒருமித்த அறிக்கை சொன்னதும் இந்த அனுபவத்துக்குப் பின்புதான். சீனாவிலேயே 1,000 பிசிஓஎஸ் பெண்களிடம் அக்குபங்சரைச் சோதித்தபோது, ஊசி உண்மையானாலும் பாவனையானாலும் குழந்தை பிறந்த விகிதத்தில் வேறுபாடில்லை என்று 2017-ல் தெரிந்தது. அதற்கு முந்தைய சிறு ஆய்வுகள் ஹார்மோன் அளவுகளை எண்ணிப் பலன் கண்டிருந்தன.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிக முக்கியமானது. பிசிஓஎஸ் என்றால் குழந்தையின்மை மட்டும்தானா? பதினேழு வயதில் முகமுடிக்காக வகுப்பில் கூசி நிற்கும் பெண்ணுக்கும், இரண்டு குழந்தை பெற்றபின் சர்க்கரை நோயை நோக்கி நகரும் பெண்ணுக்கும், குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுத்தவளுக்கும் பிறப்பு விகிதத்தால் என்ன பயன்? இந்த மறுப்பு முழுக்கச் சரி. என் வாதத்தை அது முறிக்கவில்லை, அதன் எல்லையை விரிக்கிறது. எண்ண வேண்டியது அந்தப் பெண்ணுக்கு வேண்டியதை. மாதவிடாயையே எடுத்துக்கொள்வோம். கருத்தடை மாத்திரை மாதாமாதம் உதிரப்போக்கைக் கொண்டுவருகிறது. ஆனால் அதை எடுக்கையில் முட்டை வெளியாவதில்லை. முட்டையை எண்ணினால் அந்த மாத்திரை முழுத் தோல்வி. ஆனால் மாதக்கணக்கில் உதிராமல் தடிக்கும் கருப்பைச் சுவர் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. மாத்திரை அந்த அபாயத்திலிருந்து காக்கிறது, ஆண்ட்ரோஜனையும் தாழ்த்துகிறது. ஆகவேதான் ஹெலினா டீட் தலைமையில் 2023-ல் புதுப்பித்த சர்வதேச வழிகாட்டுதல், கருத்தரிக்க விரும்புபவருக்கு லெட்ரோசோலையும், ஒழுங்கற்ற மாதவிடாய்க்கும் முடிவளர்ச்சிக்கும் கருத்தடை மாத்திரையையும், வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கு முதன்மையாக மெட்ஃபார்மினையும் முன்வைக்கிறது. மனச்சோர்வையும் பதற்றத்தையும் எல்லோரிடமும் கேட்டறியச் சொல்கிறது. 1998-ல் மிதமிஞ்சிப் புகழப்பட்ட மருந்துக்கு இன்று உரிய இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் குழந்தைக்கான ஆய்வுகளில் கிடைத்த தெளிவு மற்றவற்றில் இல்லை. மெட்ஃபார்மினை இருபது வயதில் தொடங்கினால் நாற்பதில் மாரடைப்பு குறையுமா என்று குலுக்கல் முறையில் சோதித்துப் பார்த்த நீண்டகால ஆய்வு நம் கையில் இல்லை. ரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் எண்ணி ஊகிக்கிறோம்.

எடையைப் பற்றிய அறிவுரையும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டதே. எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் சிகிச்சை என்ற வாக்கியத்தைக் கேட்டுத் திரும்பும் பெண்கள் ஏராளம். 2016-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, பருமனான, கருத்தரிக்காத 577 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆறு மாத வாழ்க்கைமுறைப் பயிற்சி தந்த பின்பும், மறுபாதியினருக்கு உடனடியாகவும் சிகிச்சையளித்தது. எல்லோரும் பிசிஓஎஸ் உள்ளவர்கள் அல்லர். பயிற்சி பெற்றவர்கள் எடை குறைந்தார்கள். தானாகக் கருத்தரித்தவர்களும் அவர்களில் கூடுதல். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் நிறைமாதத்தில் சுகப்பிரசவமாக ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் பயிற்சிப் பிரிவில் 27.1 சதவீதம், உடனடிச் சிகிச்சைப் பிரிவில் 35.2 சதவீதம். எடை குறைப்பதால் உடலுக்கு வேறு நன்மைகள் உண்டு. அதைச் சிகிச்சையின் வாசலில் நிபந்தனையாக நிறுத்துவதற்குத்தான் சான்று இல்லை, அதுவும் முப்பத்தைந்தை நெருங்கும் பெண்ணிடம்.

2024-ல் ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் வகையொன்று சினைப்பையில் ஆண்ட்ரோஜன் உருவாக்கும் ஒரு நொதியைச் சிதைக்கிறது என்று சயன்ஸ் இதழில் காட்டினார்கள். எலிகளில் செய்த வேலை மிக நேர்த்தியானது. அதன்பின் 19 பெண்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்கு மாதவிடாய் ஒழுங்கானது. உலகச் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. ஒப்பீட்டுப் பிரிவு அதில் இல்லை, எண்ணியது மாதவிடாயை. சிகிச்சை எதுவும் இல்லாமலே இந்த நோயில் சுழற்சி சில மாதம் சீராவதும் பின் தவறுவதும் உண்டு. விலங்குகளில் இவ்வகை மருந்துகள் கருவின் தொடக்க நாட்களில் கேடு செய்ததும் பதிவாகியிருக்கிறது. எனவே கருத்தரிக்க விரும்பும் பெண்களிடம் இதைக் கொண்டுபோகுமுன் அந்தக் கேள்விக்கு விடை வேண்டும். அடுத்த ஆய்வு இதை லெட்ரோசோலுக்கு எதிரே நிறுத்துமா, அல்லது கருத்தடை மாத்திரைக்கு எதிரே முடியையும் பருவையும் வாழ்க்கைத் தரத்தையும் எண்ணுமா என்பதைத் திட்டமிடும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மேசையில் இந்த நோயோடு வாழும் பெண்களுக்கும் இடம் இருக்க வேண்டும்.